கம்பெனியின் படையும் பாலாடைக்கட்டிக்குள் வந்த கடிதமும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலாக்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். ஆ ஃபாமோசா கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் அந்த ஒற்றை வாயிலின் முன் நின்று, வழக்கம்போல் போர்த்துகீசியர் கதையைக் கூறிக்கொண்டிருந்தேன். வாயிலின் மேற்புறத்தில் 1670 என்னும் ஆண்டும் ஒரு சின்னமும் செதுக்கப்பட்டிருப்பதை மாணவன் ஒருவன் சுட்டிக்காட்டினான். “அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், அந்தக் கம்பெனியை வி.ஓ.சி. என்று சுருக்கமாக அழைப்பார்கள்” என்றேன். “நம் வ.உ.சி.யா ஐயா?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் முதலில் கேட்டவன் விடவில்லை. “ஐயா, கம்பெனி என்றால் வியாபாரம் செய்வதுதானே? அதற்கு எதற்குக் கோட்டை? கம்பெனிக்குச் சிப்பாய்கள் எங்கிருந்து வந்தார்கள்?”

வெயில் கடுமையாக இருந்தது. பேருந்து ஓட்டுநர் வேறு அவசரப்படுத்தினார். “ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்” என்று தப்பித்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நான் சுவிட்சர்லாந்து, இலங்கை, சென்னை, ஶ்ரீரங்கப்பட்டணம், கனடா என்று சுற்றித் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றின் பதிவே இக்கட்டுரை.

1602-ஆம் ஆண்டில் டச்சு நாட்டு அரசு அந்தக் கம்பெனிக்கு ஒரு சாசனம் வழங்கியது. கீழ்த்திசை வாணிகம் முழுவதும் அதற்கே உரியது என்பதோடு நில்லாமல், கோட்டை கட்டலாம், படை வைத்துக்கொள்ளலாம், மன்னர்களோடு உடன்படிக்கை செய்யலாம் என்றெல்லாம் அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டது. பங்குதாரர்களின் இலாபத்திற்காக நடத்தப்படும் நிறுவனத்திற்கு ஓர் அரசின் அதிகாரங்கள்! 1641-இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது இந்தக் கம்பெனிதான். பின்னாளில் தமிழகத்தையும் இந்தியாவையும் வளைத்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இவ்வாறே தனக்கெனப் படை வைத்திருந்தது. தமிழ்ப் பள்ளிகளில் வ.உ.சிதம்பரனாரின் கப்பல் கம்பெனியைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். 1906-இல் அவர் தொடங்கிய நிறுவனத்திடம் கப்பல் இருந்தது, பீரங்கி இல்லை. எதிரே நின்ற கம்பெனிகளின் வரலாறு எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவர் செய்த துணிச்சலின் அளவு மாணவர்க்கு விளங்கும்.

சரி, சிப்பாய்கள் எங்கிருந்து வந்தார்கள்? இரண்டு நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவிற்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தாம் ஊர் திரும்பினார்கள். ஏனையோர் கடலிலும் காய்ச்சலிலும் மாண்டனர். சிலர் இங்கேயே தங்கிவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இப்படி வந்த படைவீரருள் பெரும்பகுதியினர் டச்சுக்காரர்களே அல்லர். ஜெர்மானியச் சிற்றரசுகள், சுவிட்சர்லாந்து, ஸ்காண்டிநேவியா ஆகிய பகுதிகளின் ஏழை இளைஞர்கள் அவர்கள். வேலை தேடி ஆம்ஸ்டர்டாம் வந்து இறங்கும் இளைஞனை ஓர் ஆள்பிடிக்கும் தரகன் தன் விடுதிக்கு அழைத்துச் செல்வான். கப்பல் புறப்படும் வரை உணவு, உறைவிடம், ஒரு பெட்டி, இரண்டு சட்டை எல்லாம் கடனாகக் கொடுப்பான். அந்தக் கடனுக்கு ஒரு சீட்டு எழுதப்படும். இளைஞன் கடல் கடந்து உழைக்க உழைக்க, அந்தச் சீட்டுக்கு உரிய தொகை அவன் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். இத்தரகர்களை டச்சு மக்கள் ‘ஆன்மா விற்பவர்கள்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர்.

இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முன்பணம், கப்பல் செலவு, சம்பளத்தில் கழிவு! நம் மூதாதையர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய கதையா? கங்காணி என்னும் சொல் மட்டுந்தான் இங்கில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். ‘கூலிப்படை’ என்னும் சொல்லை நாம் வகுப்பில் மிக எளிதாகப் பயன்படுத்துகிறோம். நாட்டுப்பற்று இல்லாதவன், காசுக்காக யாரையும் கொல்பவன் என்று விளக்கமும் தருகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால், பழந்தமிழ் மரபில் அச்சொல்லில் இத்தனை வெறுப்பு இல்லை. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாகப் பகுக்கிறார். வழிவழியாக வரும் மூலப்படையே சிறந்தது என்பது அவர் கருத்து. எனினும் கூலிப்படை என்பது அங்கே ஒரு வகையின் பெயர், வசைச்சொல் அன்று. என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரையும் ‘கூலி’ என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள். கூலி வாங்குவது எப்போது இழிவாயிற்று என்று எனக்குள் கேட்டுக்கொண்டே மேற்கொண்டு படித்தேன்.

தேடலில் கிடைத்தவற்றுள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு சுவிஸ் படையணியின் கதை.

நூஷாத்தெல் என்பது இன்று சுவிட்சர்லாந்தின் ஒரு மாநிலம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது சுவிஸ் மாநிலங்களோடு நட்புறவு கொண்டிருந்தாலும், பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிற்றரசு. அவ்வூரில் பிறந்த ஷார்ல் தானியேல் தெ மெரோன் என்னும் பிரபு இளமையில் பிரெஞ்சு மன்னரின் படையில் பணியாற்றினார். 1781-இல் அவர் டச்சுக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட ஒரு படையணியைத் தாமே திரட்டித் தருவதாகவும், அதற்குக் கம்பெனி பணம் தர வேண்டும் என்றும் ஏற்பாடு. படையணிக்கு அவர் பெயரே பெயர். அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு படையணி என்பது அதன் தலைவரின் சொத்தைப் போன்றது. பிரஷ்ய மன்னரின் குடிமகன், பிரெஞ்சுப் படையில் பயின்றவர், சுவிஸ் வீரர்களைத் திரட்டி, டச்சு வணிகர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். தேசியம் என்னும் கண்ணாடியை அணிந்துகொண்டு இதைப் பார்த்தால் தலை சுற்றும்.

பிரபுக்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. ஜெர்மானியச் சிற்றரசான வூர்ட்டம்பெர்க்கின் கோமகன் கார்ல் ஓய்கன், தம் குடிமக்களையே ஏறத்தாழ ஈராயிரம் பேர் கொண்ட படையணியாக்கி, 1780-களில் இதே கம்பெனிக்குக் கொடுத்துப் பணம் பெற்றார். அவ்வீரர்களுள் மிகச் சிலரே ஊர் திரும்பினார்கள்.

தெ மெரோன் படையணி 1783-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்தது. 1788-இல் இலங்கைக்கு மாற்றப்பட்டது. பிரபுவோ அதற்கு முன்பே ஐரோப்பா திரும்பிவிட்டார். தம்பி பியேர் ஃபிரெடெரிக் தெ மெரோன் தலைமை ஏற்றார். அப்போது இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தன. கம்பெனியோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று.

1795-ஆம் ஆண்டு வந்தது. புரட்சிக்குப் பிந்தைய பிரெஞ்சுப் படைகள் ஹாலந்தில் நுழைந்தன. டச்சு நாட்டுத் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். இலண்டனை அடுத்த கியூ என்னும் இடத்தில் தங்கியிருந்த அவர், பிப்ரவரி மாதத்தில், கடல் கடந்த டச்சுக் கோட்டைகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் கையில் கோட்டைகள் சிக்காதிருக்க ஆங்கிலப் படைகளை உள்ளே விடுங்கள் என்பது அதன் சாரம். மலாக்கா அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பெரிதாக எந்தப் போருமின்றி ஆங்கிலேயர் வசமாயிற்று. நாங்கள் நின்று பார்த்த அந்த வாயிலின் வழியேதான் இந்த மாற்றமும் நுழைந்தது.

இலங்கையில் கதை வேறு. கொழும்பிலிருந்த ஆளுநர் வான் ஏங்கல்பேக் முடிவெடுக்க முடியாமல் தடுமாறினார். நாட்டைவிட்டு ஓடிய தலைவரின் கடிதம் ஒரு புறம். தாய்நாட்டில் அமைந்துவிட்ட புதிய குடியரசு மறுபுறம். கொழும்புக் கோட்டை வலுவானது. அதைக் காத்த படையில் முக்கியப் பங்கு தெ மெரோனின் சுவிஸ் வீரர்களுக்கு.

இங்கேதான் ஒரு பேராசிரியர் நுழைகிறார். ஹியூ கிளெக்ஹோர்ன் என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். வகுப்பறையைவிட ஊர் சுற்றுவதிலும் அரசின் இரகசியப் பணிகளிலும் நாட்டம் மிக்கவர். (வரலாற்று ஆசிரியர்களை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இவரே சான்று!) அவர் பிரிட்டிஷ் அமைச்சர்களிடம் ஒரு யோசனை சொன்னார். கோட்டையைத் தாக்குவதற்கு ஆகும் செலவைவிட, கோட்டையைக் காக்கும் படையணியை விலைக்கு வாங்குவது மலிவு. படையணிக்குச் சொந்தக்காரர் கொழும்பில் இல்லை, நூஷாத்தெலில் தம் மாளிகையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் பேசினால் போதும்.

1795 மார்ச் இறுதியில் நூஷாத்தெலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படையணி அப்படியே பிரிட்டிஷ் மன்னரின் பணிக்கு மாறும்; பிரிட்டிஷ் வீரர்களுக்கு நிகரான சம்பளம்; டச்சுக் கம்பெனி வைத்திருந்த பாக்கிக்கும் வழி செய்யப்படும். பின்னர் பிரபுவுக்குப் பிரிட்டிஷ் படையில் மேஜர் ஜெனரல் பதவியும் கிடைத்தது. பேராசிரியரும் பிரபுவும் சேர்ந்து புறப்பட்டனர். வெனிஸ், எகிப்து, செங்கடல் வழியாகச் செப்டம்பர் மாதம் இந்தியாவின் மேற்குக் கரையை அடைந்தனர். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. எகிப்தைத் தரைவழியே கடக்க வேண்டும்.

பிரபு தம் தம்பிக்கு எழுதிய கடிதம் கொழும்புக் கோட்டைக்குள் எப்படிச் சென்றது? டச்சுப் பாலாடைக்கட்டி உருண்டை ஒன்றுக்குள் ஒளித்து வைத்து அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள். மாணவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கதை கேட்கும்போது யாராவது ஒருவராவது “சீஸைத் தின்றுவிட்டிருந்தால்?” என்று கட்டாயம் கேட்பார்கள்.

அதற்குள் ஆங்கிலேயர் திருகோணமலையை ஆகஸ்டிலும் யாழ்ப்பாணத்தைச் செப்டம்பரிலும் கைப்பற்றிவிட்டனர். அக்டோபரில் மேஜர் ஆக்னியூ என்னும் அதிகாரி கொழும்புக்கு வந்து, படையணியின் உரிமையாளர் அதைப் பிரிட்டிஷ் மன்னருக்கு மாற்றிவிட்டார், அனுப்பி வையுங்கள் என்று வெளிப்படையாகவே கோரினார். ஆளுநர் என்ன செய்வார்? விருப்பமில்லாத படையைக் கோட்டைக்குள் வைத்துக்கொள்வது, எதிரியை உள்ளே வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அனுப்பச் சம்மதித்தார். சுவிஸ் வீரர்கள் வெளியேறினார்கள். 1796 பிப்ரவரி நடுவில், ஏறக்குறைய எதிர்ப்பின்றிக் கொழும்பு சரணடைந்தது. கோட்டைக்குள் இருந்த டச்சு வீரர்கள் ஆளுநரைத் துரோகி என்று ஏசினார்கள்.

யார் துரோகி? இந்தக் கேள்வியை ஆசிரியர் அறையில் எழுப்பியபோது, சக ஆசிரியர் ஒருவர் உடனே “அந்தப் பிரபுதான்” என்றார். இன்னொருவர், “சம்பளம் கொடுக்காத கம்பெனி” என்றார். இரண்டாமவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் முழுமையாக இல்லை. பிரபுவுக்குப் பதவியும் பணமும் கிடைத்தன. இலங்கையின் வெப்பத்தில் நின்ற வீரனிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. காலையில் ஒரு கொடிக்கு வணக்கம் செலுத்தியவன் மாலையில் இன்னொரு கொடிக்குச் செலுத்தினான். நூஷாத்தெல் நகரின் இனவியல் அருங்காட்சியகத்தின் தொடக்கமே, அதே 1795-இல் பிரபு தம் ஊருக்குக் கொடையளித்த அரும்பொருள் தொகுப்புத்தான். அவர் பெயர் அவ்வாறு நிலைத்துவிட்டது.

தம்பியின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலக் கம்பெனி, சென்னையிலிருந்து வருவாய் அதிகாரிகளையும் துபாஷிகளையும் கொண்டுவந்து, தென்னை மரத்திற்குக்கூட வரி விதித்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தச் சென்னை அலுவலர்களின் நடத்தையும் குற்றச்சாட்டுக்கு உள்ளாயிற்று என்பதைத் தமிழர்களாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. 1797-இல் இதை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவர் பியேர் ஃபிரெடெரிக் தெ மெரோன். தென்னை வரியை நீக்கும்படி அவர் குழு பரிந்துரைத்தது. 1798 வரை சிறிது காலம் அவரே இலங்கையின் ஆங்கிலப் பகுதிகளுக்கு இராணுவ ஆளுநராகவும் இருந்தார். வாடகைக்கு வந்த படையின் தலைவர், குடிமக்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டவராகவும் ஆனார்.

கிளெக்ஹோர்ன் பெயரை எங்கோ கேட்டது போலிருக்கிறதே என்று சில வாசகர்கள் எண்ணலாம். ஆம், அவரேதான். 1798-இல் இலங்கையின் தலைமைச் செயலாளராக அமர்ந்த அவர் 1799-இல் எழுதிய அலுவலகக் குறிப்பு, தீவில் இரு வேறு தேசிய இனங்கள் இரு வேறு பகுதிகளில் வாழ்ந்து வந்தன என்று பதிவு செய்தது. ஈழத்தமிழர் அரசியலில் அக்குறிப்பு பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. அதை எழுதியவர் அத்தீவுக்கு வந்த வழி ஒரு படையணியை விலைபேசிய வழி என்பதைப் பலர் அறிந்திலர். ஆளுநர் நோர்த்தோடு பிணக்கு ஏற்பட்டு, 1800-இல் ஊர் திரும்பினார். அவர் பெயரையே தாங்கிய பேரன் பின்னாளில் சென்னை மாகாணத்தில் காடுகளைக் காக்கும் துறைக்கு வித்திட்டார், அது தனிக்கதை.

படையணி சென்னைப் பக்கம் வந்தது. 1799 மே 4-இல் திப்பு சுல்தானின் ஶ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, முற்றுகையிட்ட படையில் தெ மெரோன் வீரர்களும் இருந்தார்கள். காவிரிக் கரையில் இருக்கும் பழைய இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் சிலரும் அவர்தம் குடும்பத்தினரும் துயில்கின்றனர். எங்கோ பனிமலை நாட்டில் பிறந்தவர்கள்!

அதே போரின் மறுபக்கத்தில் இன்னொரு வகை அயலவர் இருந்தனர். ஆங்கிலேயரை எதிர்க்கத் துணை தேடிய திப்பு, மொரிசியசுக்கு இரகசியமாகத் தூதர்களை அனுப்பினார். அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக் செய்த காரியம் என்ன தெரியுமா? 1798 ஜனவரியில், திப்புவுக்காகப் போரிட விருப்பமுள்ள தொண்டர்கள் முன்வரலாம் என்று ஊரறிய அறிக்கை ஒட்டிவிட்டார்! இரகசியம் சந்தி சிரித்தது. வந்து சேர்ந்த தொண்டர்கள் ஏறத்தாழ நூறு பேர்தாம். ஆனால் அந்த அறிக்கை கல்கத்தாவிற்குப் போய்ச் சேர்ந்து, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்கக் காரணமாக வாய்த்தது. விலைக்கு வாங்கிய ஆயிரம் பேர் ஒரு கோட்டையைத் திறந்தார்கள். தாமாக வந்த நூறு பேர், தாங்கள் உதவ வந்தவரின் அழிவுக்குச் சாக்கானார்கள். தொண்டர் என்றால் உயர்வு, கூலிப்படை என்றால் தாழ்வு என்று நாம் போடும் கணக்கு வரலாற்றில் எப்போதும் சரியாக வருவதில்லை.

நம்மவர்களும் இக்கதைக்குப் புறம்பானவர்கள் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் விஜயபாகுவின் படையில் வேளைக்காரப் படையினர் இருந்தனர். சோழருக்கு எதிராகப் போரிடச் செல்லுமாறு மன்னன் ஏவியபோது, அவர்கள் மறுத்துக் கலகம் செய்து, பொலன்னறுவை அரண்மனைக்கே தீயிட்டதாகச் சூளவம்சம் கூறுகிறது. மன்னன் அதைக் கொடூரமாக அடக்கினான். ஆனால், அவன் இறந்தபின், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று உறுதிமொழி கொடுத்தவர்களும் வேளைக்காரர்களே. அந்த உறுதிமொழி பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டாக நிற்கிறது. கூலி வாங்கியும் எல்லைக்கோடு ஒன்றை மனத்தில் வைத்திருந்தார்கள். அதே கைகளால் பிறர் சமயத்தின் புனிதப் பொருளையும் காத்தார்கள். மலாய் வீரர்களும் அப்படியே. டச்சுக்காரர்கள் இலங்கைக்குக் கொண்டுசென்ற மலாய்ப் படையினரை ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்துக்கொண்டனர். அந்தப் படை 1873 வரை நீடித்தது. இன்றும் இலங்கையில் மலாய்ச் சமூகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கு மலாக்காவிலோ, கோட்டைக்கு வந்த இந்தியச் சிப்பாய்கள் ஓர் இளைஞரிடம் மலாய் கற்றார்கள். ஆசிரியர் என்று பொருள்படும் ‘முன்ஷி’ என்னும் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்தான் நாகூர்த் தமிழ் வேரும் கொண்ட முன்ஷி அப்துல்லா.

தெ மெரோன் படையணியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1806-இல் இந்தியாவை விட்டுச் சென்று மத்தியதரைக் கடற்பகுதியில் பணியாற்றியது. 1813-இல் அமெரிக்காவோடு நடந்த போருக்காகக் கனடாவிற்கு அனுப்பப்பட்டது. 1816-இல் கலைக்கப்பட்டது. வேலையிழந்த வீரர்களில் சிலரை செல்கர்க் பிரபு என்பவர் நிலம் தருவதாகச் சொல்லி அமர்த்திக்கொண்டார். எதற்காக? அங்கே இரண்டு கம்பளித்தோல் வணிகக் கம்பெனிகள் மோதிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் கோட்டையை, இன்னொன்றின் பெரும் பங்குதாரரான செல்கர்க் பிரபுவுக்காகப் பிடித்துக் கொடுத்தார்கள். கம்பெனிக்காகத் தொடங்கிய பயணம் கம்பெனிச் சண்டையிலேயே முடிந்தது. பின்னர், இன்றைய வினிப்பெக் நகர் இருக்கும் செந்நதிக் கரையில் குடியேறினார்கள். 1826-இல் பெருவெள்ளம் வந்து குடியிருப்பை அழிக்க, அவர்களில் பலர் அமெரிக்கா நோக்கி நடந்தார்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று நான் நினைத்திருந்தேன். 2024-ஆம் ஆண்டு நடுவில், என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை மாலை நேரத்தில் பள்ளிக்கு வந்தார். மகனுக்கு வயது இருபத்து மூன்று. வெளிநாட்டில் ‘பாதுகாப்புப் பணி’ என்று ஒரு முகவர் தாள்களைக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததால், “ஐயா, ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்” என்றார். சம்பளம் பெரிய எழுத்தில் இருந்தது. முதலாளி யார், எந்த நாட்டில் பணி, ஆயுதம் ஏந்த வேண்டுமா, காயம் பட்டால் யார் பொறுப்பு, இடையில் விலகினால் என்ன ஆகும் என்பவை எந்த எழுத்திலும் இல்லை. பயணச் செலவு சம்பளத்தில் கழிக்கப்படும் என்பது மட்டும் இருந்தது. ஆம்ஸ்டர்டாம் விடுதிச் சீட்டு என் கண்முன் வந்து நின்றது.

அந்த நாள்களில்தான் இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் இளைஞர்கள் உதவியாளர் வேலை, பாதுகாப்பு வேலை என்னும் பெயர்களில் அழைத்துச் செல்லப்பட்டு, ரஷ்யா-உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்ட செய்திகள் வெளிவந்துகொண்டிருந்தன. சிலர் உயிரிழந்தனர். நேபாள அரசு 2024 ஜனவரியில் அவ்விரு நாடுகளுக்கும் வேலைக்குச் செல்ல அனுமதி வழங்குவதை நிறுத்தியது. நான் அத்தந்தையிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விடுபட்டிருந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்து, முகவரிடம் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்த முகவர் இப்போது அழைப்பை எடுப்பதே இல்லையாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1977-இல் ஜெனிவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறை, கூலிப்படையினருக்குப் போர்க்கைதி என்னும் பாதுகாப்பு உரிமை இல்லை என்கிறது. ஆனால், கூலிப்படையினர் என்று ஒருவரை வரையறுக்க ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அவர் அப்பிரிவில் வரமாட்டார். இன்றைய தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் பணியாளர்கள் பெரும்பாலும் இவ்வலையில் சிக்குவதில்லை. ஈராக்கில் 2007 செப்டம்பரில், பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில், அமெரிக்கத் தூதரகத்தினரின் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் பெற்றிருந்த பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் இறந்தனர். நால்வருக்கு அமெரிக்க நீதிமன்றம் தண்டனை வழங்குவதற்குள் பல ஆண்டுகள் சென்றன. 2020 டிசம்பரில் நால்வரும் அதிபரின் மன்னிப்பால் விடுதலையாயினர். படைவீரன் தவறு செய்தால் அரசு பொறுப்பு. ஒப்பந்தக்காரரின் ஆள் தவறு செய்தால், பொறுப்பு தாளுக்குத் தாள் தாவுகிறது.

இத்தகைய நிறுவனங்களைக் குறித்து நாடுகளுக்கு இருக்கும் கடமைகளைத் தொகுத்த ஆவணம் 2008-இல் உருவாயிற்று. அது உருவான ஊர் மோன்ட்ரோ. முன்னின்று நடத்திய நாடு சுவிட்சர்லாந்து. நூற்றாண்டுக் கணக்கில் தன் பிள்ளைகளை அயல் மன்னர்களுக்குப் படைவீரர்களாக அனுப்பிய அதே நாடுதான். இன்று சுவிஸ் குடிமகன் ஒருவன் அனுமதியின்றி வேறு நாட்டுப் படையில் சேர்ந்தால் அவனுக்குத் தண்டனை உண்டு. போப்பாண்டவரின் வாயிலில் வண்ணச் சீருடையில் நிற்கும் சுவிஸ் காவலர்களுக்கு விதிவிலக்கு உண்டு.

கேள்வி கேட்ட மாணவனுக்கு இவற்றையெல்லாம் இரண்டு பாடவேளைகளில் சுருக்கிச் சொன்னேன். பாலாடைக்கட்டியைக் கேட்டுச் சிரித்தான். வெள்ளத்தைக் கேட்டு முகம் வாடினான். முடித்தபின் கையை உயர்த்தினான்.

“ஐயா, அந்தச் சம்பளப் பாக்கி சிப்பாய்கள் கைக்குப் போனதா, பிரபு கைக்குப் போனதா?”

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பிரபு என்று மட்டும் சொன்னேன். அவன் அதைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான்.